சைக்கிள் கொடுத்தாயிற்று, ஓட்டத் தெரு எங்கே?

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், 200 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வருஷா வருஷம் உங்கள் பள்ளிகளில் ஒரு விழா நடக்கிறது. மைதானத்தில் வரிசையாக நிறுத்திய புது சைக்கிள்கள், சீட்டில் இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறை, மேடையில் எம்எல்ஏ, பக்கத்தில் கவுன்சிலர், ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கும் நல்ல திட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, 2005-06-ல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்று பிளஸ் ஒன் படிக்கிற எல்லோருக்கும் விரிந்து, ஆட்சிகள் மாறியும் நிற்காமல் நடக்கிறது. மாநிலம் முழுக்க ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் சைக்கிள்.

விழா முடிந்து அந்தப் பிள்ளை பள்ளி கேட்டைத் தாண்டியதும் என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்றால், 'சென்னை மேல்நிலைப் பள்ளி' என்று பலகை மாட்டிய பள்ளியும் உங்களுடையது, அதைச் சுற்றியுள்ள உட்புறத் தெருக்களும் உங்களுடையவை. அது அந்தத் துறை, இது இந்தத் துறை என்று யாரும் கை காட்டித் தப்பிக்க முடியாத இடம் ஊரிலேயே அதுதான்.

சாயங்காலம் பள்ளி விடும் நேரம் ஏதாவது ஒரு பள்ளி வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். துப்பட்டாவை இடுப்பில் முடிச்சுப் போட்டு, புத்தகப் பையைக் கேரியரில் செருகி, டிபன் பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் கிளம்புவாள். சாலையில் இடது ஓரம்தான் அவளுக்கு. ஆனால் ஓரத்தில் கார்கள் நிற்கின்றன. கார் இல்லாத இடத்தில் தார் முடிந்து இரண்டு விரற்கடைப் பள்ளம், பள்ளத்தில் மணல். மணலுக்குப் பயந்து கொஞ்சம் உள்ளே வந்தால் மழைநீர் வடிகாலின் இரும்பு மூடி. அந்த மூடியில் கம்பிகள் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? சில இடங்களில் சாலையின் நீளவாக்கிலேயே, அதாவது சைக்கிள் போகிற திசையிலேயே இருக்கின்றன. கார் டயருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சைக்கிள் டயர் இரண்டு கம்பிக்கு நடுவில் இறங்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும், ஓட்டுகிறவர் மட்டும் முன்னால் போய் விழுவார். அது அவளுக்குத் தெரியும். அதனால் மூடி வருவதற்கு நாலடி முன்பே வலப்பக்கம் ஒடிக்கிறாள், ஒடித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறாள், பின்னால் தண்ணி லாரி. லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுப்பதாக இல்லை. இவ்வளவும் முந்நூறு அடிக்குள் நடந்து முடிந்துவிடுகிறது, வீடு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கிறது.

'இலவசமாகக் கொடுத்தால் வாங்கிய கையோடு விற்றுவிடுகிறார்கள்' என்று சொல்கிறவர்கள் நிறைய. ஏன் விற்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. பெண்ணை அந்த ரோட்டில் அனுப்ப அம்மாவுக்குப் பயம், அதனால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து அனுப்புகிறாள், சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே துணி காயப்போடும் கொடியாகிறது, ஒருநாள் பழைய சைக்கிள் வாங்குகிறவர் வருகிறார். நீச்சல் உடையைக் கொடுத்துவிட்டுக் குளத்தைப் பூட்டி வைத்த கதை இது.

இதையெல்லாம் நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதே இல்லை என்பதுதான் எரிச்சலான விஷயம். 2014-லேயே இந்த மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அப்படி ஒரு கொள்கையை ஏற்ற முதல் மாநகராட்சி சென்னைதான், அதற்காக எல்லோரும் பாராட்டினார்கள். போக்குவரத்துக்கு மாநகராட்சி ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குமான வசதிகளுக்குப் போக வேண்டும், 80 சதவீதத் தெருக்களிலாவது ஒழுங்கான நடைபாதை இருக்க வேண்டும், ஊரில் நடக்கும் பயணங்களில் நடையும் சைக்கிளும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், நடந்து போகிறவரும் சைக்கிளில் போகிறவரும் ஒருவர்கூட விபத்தில் சாகக் கூடாது. இவ்வளவும் அதில் இருக்கிறது. கெடு 2018. ஏதோ ஒரு வெளிநாட்டு நிபுணர் சொன்னதோ, என்னைப் போல யாரோ மடல் எழுதிக் கேட்டதோ இல்லை, நீங்களே உங்களுக்கு வைத்துக்கொண்ட கெடு. அதற்கப்புறம் எத்தனை சாலை பெயர்த்துப் போட்டார்கள், எத்தனை வடிகால் தோண்டினார்கள். ஒவ்வொரு முறை தோண்டி மூடும்போதும் ஓரத்தில் இரண்டு மீட்டரை சைக்கிளுக்கு என்று கல் பதித்துப் பிரித்திருக்கலாம். தனியாகச் செலவு செய்து செய்ய வேண்டிய வேலைகூட இல்லை அது, எப்படியும் நடக்கிற வேலையோடு சேர்ந்து போயிருக்கும்.

செய்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. தியாகராய சாலையைப் பாருங்கள். 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தபோது, கார் ஓடும் இடத்தைக் குறைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று எத்தனை பேர் சொன்னார்கள். இன்று தீபாவளி நேரத்தில் அங்கே நடக்க இடம் கிடைக்கவில்லை. கார் ஓடும் அகலத்தைக் குறைக்க மாநகராட்சிக்குத் தெரியும், மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அந்தத் தெருவே சாட்சி. ஆனால் அதே 2019-ல் மெட்ரோ நிலையங்களுக்குப் பக்கத்தில் செயலி வைத்துத் திறக்கும் வாடகை சைக்கிள்களும் வந்தன. அங்கேயும் இதே கதைதான், வண்டி வந்தது, அது ஓட வழி வரவில்லை.

சரி, சைக்கிள் இப்போது யார் ஓட்டுகிறார்கள்? இந்தக் கேள்வியை அதிகாரிகள் கூட்டத்தில் யாராவது கேட்டால் பாதிப் பேர் மனதில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஆள்தான் வருவார். 2021-ல் முதலமைச்சர் ஸ்டாலின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதித்த படங்கள் எல்லோர் போனுக்கும் வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் நடிகர் விஜய் நீலாங்கரையில் சைக்கிளில் போய் ஓட்டுப் போட்டார், பெட்ரோல் விலைக்கு எதிர்ப்பா, அரசியலா என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. அவர் தரப்பில் சொன்ன காரணம் வாக்குச்சாவடி வீட்டுக்குப் பக்கத்தில், தெரு குறுகல், கார் நிறுத்தச் சிரமம். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது. பக்கத்தில் போக வேண்டும், கார் நிறுத்த இடமில்லை, சைக்கிள் எடுத்தேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் இந்த ஊரில் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர் அவர்கள் யாரும் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே வாருங்கள். பேப்பர் போடும் பையன், பால் பாக்கெட் கிரேட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறவர், இரவு ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் வாட்ச்மேன், கட்டட வேலைக்குப் போகும் ஒடிசா, பீகார்ப் பையன்கள், பின்னால் டீ கேனும் ஹேண்டிலில் பேப்பர் கப் பையுமாகச் சித்தாள்கள் கூடும் இடம் தேடிப் போகிற டீக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் மாறும் நேரம் பாருங்கள், கிண்டியில் பாருங்கள், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் பாருங்கள். போக்குவரத்துக் கணக்கெடுப்பு எடுக்கிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு அண்ணா சாலை சிக்னலில் நின்று எண்ணினால் இவர்கள் கண்ணில் படமாட்டார்கள். நாட்டளவில் தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்வது, கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு, சைக்கிள் வைத்திருப்பவை ஏறக்குறைய பாதி. ஆனால் சாலையைப் பங்கு போடும்போது கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் ஒரு காலத்தில் உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு வில்லை கொடுத்தன, எங்கள் தாத்தா சைக்கிளில் அது தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். வரி கட்டிய காலத்திலும் சைக்கிளுக்கென்று பாதை இல்லை, அது வேறு விஷயம்.

நான் வில்லிவாக்கத்தில் இருக்கிறேன், வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில். போகிற வழி எம்டிஎச் ரோடு. பாடி சந்திப்பைச் சைக்கிளில் கடப்பது எப்படி என்று யாருக்கும் வகுப்பெடுக்கும் அளவுக்கு எனக்கு அனுபவம் உண்டு. அந்தச் சாலை உங்களுடையது இல்லை, நெடுஞ்சாலைத் துறையுடையது என்பதும் தெரியும், அதனால் அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். இதில் ஒரு முரண், 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் இதே அம்பத்தூரில்தான். பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் என்று நாடு முழுக்க ஓடிய வண்டிகளைச் செய்து அனுப்பிய ஊர், அதில் ஏறிப் பத்திரமாக வீடு போய்ச் சேர வழியில்லாத ஊர்.

எங்கள் வீட்டில் கார் இருந்தது, விற்றுவிட்டோம், நல்லபடியாகத்தான் வாழ்கிறோம். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது 'ஏதாவது கடன் பிரச்சினையா?' என்பது. கார் இல்லாமல் இருப்பதைத் தியாகம் மாதிரியோ வறுமை மாதிரியோதான் நம் ஆட்களுக்குப் பார்க்கத் தெரியும். உண்மை என்னவென்றால் மாதத் தவணை நின்றது, இன்சூரன்ஸ் நின்றது, லிட்டர் நூறு ரூபாயில் பெட்ரோல் போடுவது நின்றது, மெக்கானிக் போன் செய்து 'மேடம், கிளட்ச் போயிடுச்சு' என்று சொல்லும் அந்தக் குரல் நின்றது. எல்லாவற்றையும் விட, அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் பார்க்கிங் சண்டை வரும்போது நான் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க முடிகிறது, அந்த சுகத்துக்கு விலையே கிடையாது.

தூரமாகப் போக வேண்டுமென்றால் வில்லிவாக்கம் ஸ்டேஷனில் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயில் ஏறுகிறேன். பிள்ளைகள் மாநகரப் பேருந்தில் போகிறார்கள். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, முகூர்த்த நாளில் பட்டுப்புடவையோடு மண்டபத்துக்குப் போக ஆட்டோவோ கால் டாக்சியோ கூப்பிடுகிறோம். மாதம் முழுக்க அதற்கு ஆகிற செலவு பழைய தவணைத் தொகையில் ஒரு மூலைக்குக்கூட வராது. சைக்கிளில் இன்னொரு சௌகரியம் உண்டு, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்து ஊரே முடங்கிய நாளிலும் வேலைக்குப் போய்ச் சேர ஆகும் நேரம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை, 'எட்டரைக்கு வந்துவிடுவேன்' என்றால் எட்டரைக்கு வந்துவிடலாம். அப்புறம் உடம்பு. ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருக்கும் பாவத்திலிருந்து விடுதலை. கார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரை பஞ்சர் கடைக்காரரின் பெயரோ, முருங்கைக்கீரை விற்கும் அம்மா எந்தத் திருப்பத்தில் உட்காருவார் என்பதோ எனக்குத் தெரியாது.

எல்லோரும் காரை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நடக்க முடியாதவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், நடுராத்திரி வேலை முடிந்து வரும் பெண்கள் இவர்களுக்குக் கார் வேண்டும். கடைக்குப் போய்க் கொத்தமல்லிக் கட்டு வாங்கி வருவதற்கு ஒரு டன் எடையுள்ள இரும்பைக் கிளப்ப வேண்டிய நிலை ஏன் வந்தது என்றுதான் கேட்கிறேன். சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பயம்தான். கார் வாங்கியவர்களில் பாதிப் பேர் சொகுசுக்காக வாங்கவில்லை, ரோட்டில் குழந்தையோடு பத்திரமாகப் போக வேறு வழி தெரியாமல் வாங்கினார்கள். அந்தக் காரால் அடுத்த வீட்டுக்காரருக்குப் பயம் கூடுகிறது, அவரும் ஒன்று வாங்குகிறார்.

ஒருமுறை வேலை விஷயமாக ஒரு பெரிய அலுவலக வளாகத்துக்குச் சைக்கிளில் போனேன். மூன்று தளத்துக்குக் கார் நிறுத்தம் இருக்கிற கட்டடம் அது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் 'சைக்கிளுக்கு டோக்கன் இல்லீங்க மேடம்' என்றார். வெளியே எங்காவது நிறுத்தலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, காம்பவுண்டுக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். அங்கே வேலிக் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டி ஏழெட்டு சைக்கிள் நின்றன, அவருடையதும் அதில் ஒன்று. கட்டட அனுமதி கொடுக்கும்போது இத்தனை சதுர மீட்டருக்கு இத்தனை கார் நிறுத்தம் என்று கறாராகக் கணக்குப் பார்க்கிறீர்களே, அங்கே வேலை செய்கிற பாதிப் பேர் எதில் வருகிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 12 சதுர மீட்டர் ஆகிறது, அதே இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும்.

வழக்கமாக வரும் ஆட்சேபணைகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வெயில் என்பார்கள். ஸ்பெயினில் செவில் என்று ஒரு ஊர், கோடையில் 40 டிகிரியை அநாயாசமாகத் தாண்டும். 2006 வாக்கில் அங்கே சைக்கிளில் போகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஒன்றரை வருஷத்துக்குள் ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்குப் பாதை போட்டார்கள். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று இல்லாமல் ஒன்றோடு ஒன்று சேரும்படி, காரிடமிருந்து கல் வைத்துப் பிரித்து, கார் நிறுத்தும் இடங்களை எடுத்துப் போட்டார்கள். சில வருஷத்தில் நூற்றுக்கு ஆறேழு பேர் சைக்கிளுக்கு வந்துவிட்டார்கள். வெயில் அப்படியேதான் இருந்தது. நம் ஊரில் வெயிலில் வேகிறவர்கள் ஏற்கெனவே வெந்துகொண்டுதான் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு வேண்டியது ஓரமாக நாலு மரமும் பாதையும்தான். ஏற்ற இறக்கம் என்று சொல்லவே முடியாது, சென்னையின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேலே ஏழு மீட்டருக்குள்.

வெளிநாட்டுக்காரனுக்குச் சரிப்படும், நமக்குச் சரிப்படாது என்பது அடுத்தது. நெதர்லாந்துக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிளோடு பிறந்தவர்கள் என்று நம் ஆட்களுக்கு ஒரு எண்ணம். 1971-ல் அங்கே சாலை விபத்தில் ஏறக்குறைய 3,300 பேர் செத்தார்கள், அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே இயக்கம் கிளம்பியது, பெற்றோர் சாலையில் உட்கார்ந்தார்கள், 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. அப்புறம்தான் அந்தப் பாதைகள் எல்லாம். பாரிஸ் இன்னும் சமீபம். கார் நெரிந்த ரிவோலி தெருவைப் பெரும்பாலும் சைக்கிளுக்குக் கொடுத்தார்கள், 2024-ல் வெளியான ஓர் ஆய்வில் நகருக்குள் நடக்கும் பயணங்களில் சைக்கிள் 11 சதவீதம், கார் 4 சதவீதம்.

வெளியூர் உதாரணமே வேண்டாம் என்றால் புதுக்கோட்டைக்கு வாருங்கள். 1991-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்து, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கல்குவாரிப் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்ததும் ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள், முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது, அப்பன் வரட்டும் அண்ணன் வரட்டும் என்று நிற்க வேண்டியதில்லை என்றானது. அப்போது ஊர்க்காரர்கள் கிண்டல் செய்தார்கள், ஏச்சுக்கூட விழுந்தது, அவர்கள் நிறுத்தவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து மாநிலத் தலைநகரில் ஒரு பதினாறு வயதுப் பெண் நிம்மதியாகப் பள்ளிக்குச் சைக்கிளில் போக முடியவில்லை என்றால் அது யாருடைய கௌரவப் பிரச்சினை?

தெரு குறுகல் என்பது மூன்றாவது, எனக்கு ரொம்பக் கோபம் வருவது இதற்குத்தான். முப்பதடித் தெரு என்றால் ஒன்பது மீட்டர். இரண்டு பக்கமும் கார் நிறுத்தினால் நாலு மீட்டர் போய்விடுகிறது. மிச்சம் உள்ள ஐந்து மீட்டரைப் பார்த்துத் தெரு குறுகல் என்கிறோம். தெரு குறுகவில்லை, பொது இடத்தைச் சிலர் வாடகை இல்லாத கார் ஷெட்டாக வைத்திருக்கிறார்கள். தி.நகர் தணிகாசலம் சாலையில் கோடிக்கணக்கில் செலவு செய்து 200 கார்களுக்கு மேல் நிறுத்த அடுக்கு நிறுத்தம் கட்டினீர்கள். அந்த 200 காரின் நிழலில் எத்தனை ஆயிரம் சைக்கிள் ஸ்டாண்டு வந்திருக்கும் என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

இனி, என்ன வேண்டும் என்று சொல்கிறேன். தயவுசெய்து பெசன்ட் நகரில் ஆரம்பிக்காதீர்கள். கடற்கரை ஓரமாகப் பச்சைப் பெயின்ட் அடித்து, சைக்கிள் படம் வரைந்து, ரிப்பன் வெட்டினால் படம் நன்றாக வரும், அடுத்த மாதம் அதன்மேல் ஐஸ்கிரீம் வண்டியும் காரும் நிற்கும். பெயின்ட் யாரையும் காப்பாற்றாது, அரையடி உயரக் கல் காப்பாற்றும். ஆரம்பிப்பதென்றால் புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர், கொருக்குப்பேட்டை என்று வடக்கே ஆரம்பியுங்கள், சைக்கிள் ஏற்கெனவே ஓடும் இடத்தில். ஒவ்வொரு சென்னை மேல்நிலைப் பள்ளியையும் நடுவில் வைத்து இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். உங்கள் கையில் ஏறக்குறைய 390 கிலோமீட்டர் பேருந்துத் தடச் சாலையும் 5,000 கிலோமீட்டருக்கு மேல் உட்புறச் சாலையும் இருக்கின்றன, அந்த வட்டத்துக்குள் விழும் பெரும்பாலான தெருக்களுக்கு நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்க வேண்டியதே இல்லை. உட்புறத் தெருக்களில் தனிப் பாதைகூட வேண்டாம். ஒரு பக்கம் கார் நிறுத்தத்தை எடுங்கள். குடியிருப்புப் பகுதியில் எந்த வண்டிக்கும் 30 கிலோமீட்டர்தான் வேகம் என்று போக்குவரத்துக் காவல்துறை 2023-லேயே சொல்லிவிட்டது. பலகையில் எழுதினால் நம் ஊரில் யார் கேட்பார்கள், பள்ளி முன்னால் நடைபாதை உயரத்துக்குச் சாலையையே ஏற்றிக் கட்டினால் எல்லோரும் கேட்பார்கள். பேருந்து ஓடும் சாலையில் மட்டும் கல் வைத்துப் பிரித்த இரண்டு மீட்டர், பள்ளியிலிருந்து அருகிலுள்ள ரயில் நிலையமோ மெட்ரோவோ பேருந்து முனையமோ வரை, நடுவில் அறுபடாமல். சிக்னல் வந்ததும் பாதை மாயமாகிவிடுவதுதான் வழக்கம், ஆனால் ஆபத்து இருப்பதே சிக்னலில்தான்.

வடிகால் மூடிகளுக்கு டெண்டரும் வேண்டாம், ஆலோசகரும் வேண்டாம். கம்பி சாலைக்குக் குறுக்காக வரும்படி திருப்பிப் போடுங்கள், திருப்ப முடியாத வடிவம் என்றால் குறுக்கே இரண்டு பட்டை வெல்டிங் வையுங்கள். வார்டு உதவிப் பொறியாளர் ஒரு வாரத்தில் முடிக்கக் கூடிய வேலை. மில்லிங் செய்த சாலையை வாரக் கணக்கில் அப்படியே விடாதீர்கள், சுரண்டிய சாலையில் கார் குலுங்கும், அவ்வளவுதான், சைக்கிளும் ஸ்கூட்டியும் சறுக்கி விழும்.

2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதே சமயம் சின்ன கார்களுக்கும் 28-லிருந்து 18 ஆனது. எதன் எண்ணிக்கை இந்த ஊரில் கூடப் போகிறது என்று ஊகிக்க நிபுணர் தேவையில்லை. இன்னும் இரண்டு மூன்று வருஷம் விட்டால் ஓரத்தில் எடுப்பதற்கு இடமே இருக்காது, நிற்கிற காரை அகற்றுவது வெறும் இடத்தில் பாதை போடுவதைவிடப் பத்து மடங்கு கஷ்டம் என்பது கவுன்சிலர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2023-ல் நீங்கள் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டத்தில் 2050-க்குள் கார்பன் சமநிலை என்று இருக்கிறது. 2014-ல் போட்ட 2018 கெடு என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்கு 2050 என்பதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும், ஆகவே அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

கவுன்சிலர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டில் மேல்நிலைப் பள்ளி இருந்தால், சைக்கிள் வழங்கும் விழாவுக்கு எப்படியும் போவீர்கள். அதற்கு முந்தின வாரமே பள்ளித் தலைமை ஆசிரியரிடம் பிள்ளைகள் எந்தெந்தத் தெரு வழியாக வருகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். அவர்களே ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து கொடுத்துவிடுவார்கள், எந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறோம் என்பது உட்பட. இதைவிட நல்ல திட்ட வரைபடம் எந்த ஆலோசகரும் கொடுக்க மாட்டார்.

மேயர் அவர்களுக்கும் ஆணையர் அவர்களுக்கும் என் கேள்வி ஒன்றே ஒன்று. 2014-லிருந்து ஒவ்வொரு நிதியாண்டிலும் போக்குவரத்துக்காகச் செலவிட்ட தொகை எவ்வளவு, அதில் நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் போனது எவ்வளவு. ஆண்டுக்கு ஒரு வரி, ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அடுத்த பட்ஜெட் புத்தகத்தில் அதை அச்சிடுங்கள், 60 சதவீதம் என்ற உங்கள் சொல்லுக்கு எதிரே அந்த எண்ணை எழுதுங்கள். அச்சிடவில்லை என்றால் பரவாயில்லை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நானே கேட்டு வாங்குகிறேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டேன், தேதி மட்டும்தான் போடவில்லை.

இப்படிக்கு,
வில்லிவாக்கத்திலிருந்து ஒரு சைக்கிள்காரி